வொர்க்ஸ்டேஷனில் ரெய்டு கார்டு: டேட்டா ஏற்றும் முன் செய்ய வேண்டியவை

பல டிஸ்குகளை ஒரே டிரைவாகச் சேர்த்து நடத்தும் ரெய்டு கார்டை ஸ்லாட்டில் செருகி ஸ்க்ரூ போட பத்து நிமிடம் போதும். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியதும் அதற்கு அப்புறம் செய்ய வேண்டியதும்தான் நேரம் பிடிக்கும். அதில் ஒன்றை விட்டுவிட்டால் அன்றைக்கே தெரியாது, சில மாதம் கழித்து ஒரு டிஸ்க் படுத்துக்கொள்ளும்போது எல்லாம் சேர்ந்து தெரியும். அதனால் செருகுவதைச் சுருக்கமாகவும் மற்றதை விரிவாகவும் எழுதுகிறேன்.

கார்டு உண்மையிலேயே வேண்டுமா என்று முதலில் பாருங்கள். இரண்டு டிஸ்க்கை மிரர் பண்ண (ஒன்றில் இருப்பதை அப்படியே மற்றதிலும் வைக்க) வேண்டும், அவ்வளவுதான் என்றால் கார்டு வாங்காதீர்கள், விண்டோஸோ லினக்ஸோ தானே அதைச் செய்துவிடும். இசட்எஃப்எஸ் (ரெய்டு வேலையைத் தானே செய்யும் ஃபைல் சிஸ்டம்) பயன்படுத்தப் போகிறீர்கள் என்றாலும் ரெய்டு கார்டு வேண்டாம், அதற்கு டிஸ்குகளை அப்படியே காட்டும் சாதாரண எச்பிஏ கார்டுதான் சரி, ஏனென்றால் நடுவில் இன்னொரு கன்ட்ரோலர் உட்கார்ந்தால் இசட்எஃப்எஸ்ஸால் டிஸ்குகளை நேரடியாகக் கவனிக்க முடியாது. மதர்போர்டு பயாஸில் இருக்கும் ‘ரெய்டு’ ஆப்ஷனை ஹார்டுவேர் ரெய்டு என்று நினைத்துவிடாதீர்கள், அங்கே கணக்கு போடுவது உங்கள் சிபியு. ஆறு, எட்டு டிஸ்க்கை ஒரே பெரிய டிரைவாகக் கட்ட வேண்டும், விண்டோஸில் ரெய்டு 6 (இரண்டு டிஸ்க் போனாலும் டேட்டா போகாத முறை) வேண்டும், அதுவும் எழுதும் வேகம் குறையாமல் வேண்டும் என்றால் கார்டு வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. வீடியோ எடிட்டிங், பெரிய போட்டோ தொகுப்பு, சிமுலேஷன் டேட்டா வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் நிலைமை.

கார்டு வாங்கும்போது

டெஸ்க்டாப்பில் அதிகம் பார்ப்பது மெகாரெய்டு குடும்பம். முன்பு எல்எஸ்ஐ கம்பெனியுடையது, 2014இல் அந்தக் கம்பெனியை அவாகோ வாங்கியது, இப்போது பிராட்காம் பெயரில் வருகிறது. 9361-8ஐ, 9460-16ஐ, 9560-16ஐ என்று மாடல் எண் இருக்கும். கடைசியில் வரும் 8ஐ என்றால் கேபினெட்டுக்கு உள்ளே எட்டு டிஸ்க்கை நேரடியாக இணைக்கலாம் என்று பொருள், எண்ணுக்குப் பின்னால் இ இருந்தால் அவை வெளியே இருக்கும் டிஸ்க் பெட்டிக்கான போர்ட்டுகள். அடாப்டெக் கார்டுகளும் நல்லவைதான், அவை இப்போது மைக்ரோசிப் வசம். நான் சொல்லும் மெனு பெயர்கள் மெகாரெய்டைச் சார்ந்தவை, மற்ற கார்டுகளில் பெயர் மாறும், விஷயம் ஒன்றுதான்.

கார்டின் வேகத்தைவிட நான் முதலில் பார்ப்பது கேஷைக் காப்பாற்றும் வசதி இருக்கிறதா என்பதைத்தான். ரெய்டு 5இல் (ஒரு டிஸ்க் போனாலும் தாங்கும் முறை) சின்னதாக ஒன்றை எழுத வேண்டுமென்றால் பழைய டேட்டாவையும் பழைய பாரிட்டியையும் (போன டேட்டாவைத் திரும்பக் கணக்கிட உதவும் கூடுதல் தகவல்) படித்து, புதிய இரண்டையும் எழுத வேண்டும், ஆக ஒரு முறை எழுத நாலு வேலை. ரெய்டு 6இல் அது ஆறு. இந்தத் தாமதத்தை மறைப்பதற்காகத்தான் கார்டில் 1, 2, 4 ஜிபி என்று கேஷ் மெமரி இருக்கிறது: எழுத வேண்டியதைக் கேஷில் வாங்கிக்கொண்டு ‘எழுதியாச்சு’ என்று உடனே சொல்லிவிட்டு, பிறகு நிதானமாக டிஸ்குகளுக்கு அனுப்பும். இதுதான் ரைட் பேக். அந்த இடைவெளியில் கரண்ட் போனால் கேஷில் இருந்தது காலி. அதைத் தடுக்கப் பழைய கார்டுகளில் லித்தியம் பேட்டரி இருக்கும், அது சில வருடத்தில் தேய்ந்துபோகும். புதியவற்றில் சூப்பர் கெபாசிட்டரும் ஃபிளாஷ் மெமரியும் இருக்கும்: கரண்ட் போனதும் கெபாசிட்டரில் உள்ள மின்சாரத்தை வைத்துக் கேஷில் இருப்பதையெல்லாம் ஃபிளாஷில் கொட்டிவிடும், மறுபடி கரண்ட் வந்ததும் அதை எடுத்து டிஸ்க்கில் எழுதும்.

இந்த கெபாசிட்டர் பேக் பல மாடல்களில் தனியாக வாங்க வேண்டியது, கார்டோடு வராது. வாங்காமல் விட்டால் கார்டு தானாகவே ரைட் த்ரூவுக்கு (டிஸ்க்கில் எழுதி முடித்த பிறகே ‘எழுதியாச்சு’ என்று சொல்லும் முறை) இறங்கிவிடும், எழுதும் வேகம் பரிதாபமாக இருக்கும். அப்போது மெனுவில் ‘எப்போதும் ரைட் பேக்’ என்று கட்டாயப்படுத்தும் ஆப்ஷன் கண்ணில் படும், தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். யுபிஎஸ் இருக்கிறதே என்பது இதற்குப் பதில் ஆகாது, எஸ்எம்பிஎஸ்ஸே செத்துப்போனால் யுபிஎஸ் என்ன செய்யும்? பட்ஜெட் இடித்தால் ஒரு தலைமுறை பழைய கார்டை எடுங்கள், ஆனால் கெபாசிட்டரோடு எடுங்கள்.

சர்வரில் இருந்து கழற்றி விற்கும் கார்டுகள் மலிவாகக் கிடைக்கும், அவற்றில் ஒரு சிக்கல் உண்டு. சர்வர் கம்பெனிகளின் பெயரில் வரும் சில கார்டுகளை, உதாரணமாக டெல்லின் பழைய பெர்க் கார்டுகளை, சாதாரண மதர்போர்டில் செருகினால் கம்ப்யூட்டர் ஆன் ஆகாமல் நின்றுவிடும். கார்டு செத்துவிட்டது என்று பலர் திருப்பி அனுப்புவார்கள். பல நேரம் காரணம் எஸ்எம்பஸ் என்கிற இரண்டு பின்கள்தான், மதர்போர்டு அதே வழியில்தான் ரேமின் விவரத்தைப் படிக்கிறது, கார்டு குறுக்கே பேசினால் குழம்பிவிடுகிறது. கார்டின் சிப் இருக்கும் பக்கம் உங்களைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, உலோக பிராக்கெட் இருக்கும் முனையிலிருந்து எண்ணினால் 5ஆவது, 6ஆவது தங்கப் பட்டைகள். அந்த இரண்டை மட்டும் மெல்லிய கேப்டான் டேப்பால் மூடிச் செருகிப் பாருங்கள்.

ஸ்லாட், காற்று, கரண்ட்

இந்தக் கார்டுகள் எக்ஸ்8 ஸ்லாட்டை, அதாவது எட்டு லேன் (டேட்டா போகும் பாதை) கொண்ட ஸ்லாட்டை எதிர்பார்ப்பவை. மதர்போர்டில் எக்ஸ்16 நீளத்துக்கு இருக்கிற இரண்டாவது, மூன்றாவது ஸ்லாட் உள்ளே நாலு லேன் மட்டும் கொண்டதாக இருக்கலாம், அல்லது அங்கே கார்டு போட்டதும் கிராபிக்ஸ் கார்டு எக்ஸ்8க்குக் குறையலாம், ஒரு எம்.2 ஸ்லாட் அணைந்தும் போகலாம். மதர்போர்டு மேனுவலில் லேன் பங்கீட்டு அட்டவணை இருக்கும், வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள். ஹார்ட் டிஸ்குக்கு நாலு லேன் ஒன்றும் மோசமில்லை: பிசிஐஇ 3.0இல் ஒரு லேன் வினாடிக்கு சுமார் 985 எம்பி, நாலு சேர்ந்தால் ஏறக்குறைய 3.9 ஜிபி. எட்டு ஹார்ட் டிஸ்க் ஒன்று 250 எம்பி வீதம் ஓடினாலும் 2 ஜிபிதான். எட்டு சாட்டா எஸ்எஸ்டி போட்டால் மட்டும் 4.4 ஜிபி வரை போகும், அப்போது முழு எக்ஸ்8 தேவைப்படும்.

காற்றோட்டத்தைப் பற்றித்தான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும், டெஸ்க்டாப்பில் ரெய்டு கார்டுகள் கெட்டுப்போவதற்கும் காரணமே இல்லாமல் டிஸ்க்கைக் கைவிடுவதற்கும் சூடு ஒரு முக்கியக் காரணம். இவை சர்வருக்காகச் செய்தவை. அங்கே முன்னாலிருந்து பின்னால் காற்று புயலாக அடிக்கும், அதை நம்பித்தான் சிப்பின் மேல் ஃபேன் இல்லாமல் ஹீட் சிங்க் மட்டும் வைத்திருப்பார்கள். நிமிடத்துக்கு 200 அடி வேகத்தில் காற்று வேண்டும் என்று விவரக்குறிப்பில் போட்டிருக்கும், அமைதியாக ஓடும் டவர் கேபினெட்டில், அதுவும் கிராபிக்ஸ் கார்டுக்குக் கீழே, அந்தக் காற்று கிடைக்கவே கிடைக்காது. ஒரு மணி நேரம் ஓடிய பிறகு ஹீட் சிங்கில் விரல் வைக்க முடியாது. 92 அல்லது 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்றை ஹீட் சிங்கைப் பார்த்து மெதுவாகச் சுழலும்படி வையுங்கள், சத்தமும் வராது. கேபினெட்டின் அடியிலோ பக்கவாட்டிலோ ஃபேன் மாட்ட இடம் இருந்தால் வேலை சுலபம், இல்லையென்றால் ஸ்லாட் ஓரத்தில் மாட்டும் பிராக்கெட் கிடைக்கும். ஸ்டோர்சிஎல்ஐ கமாண்டு டூலில் சிப்பின் வெப்பநிலை தெரியும். நீண்ட நேரம் எழுதும்போதும் 80 டிகிரியைத் தாண்டவிடாமல் வைப்பது என் வழக்கம். கெபாசிட்டர் பேக்கையும் கிராபிக்ஸ் கார்டின் சூடு படாத மூலையில் ஒட்டுங்கள், சூட்டில் அதன் ஆயுள் குறையும்.

அடுத்தது கரண்ட். 3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் நேரத்தில் 12 வோல்ட் லைனில் 2 ஆம்பியர் வரை இழுக்கும், எட்டு டிஸ்க் என்றால் ஆன் பண்ணும் அந்தச் சில வினாடிகளுக்கு மட்டும் கிட்டத்தட்ட 200 வாட். கார்டில் டிஸ்குகளை ஒன்றிரண்டாகச் சுழலவிடும் செட்டிங் இருக்கும், அதை ஆன் செய்யுங்கள். ஒரே சாட்டா பவர் கனெக்டரை ஸ்பிளிட்டர் போட்டு நாலாகப் பிரிக்காதீர்கள். அந்த கனெக்டரில் 12 வோல்டுக்கு மூன்று பின், பின்னுக்கு 1.5 ஆம்பியர், மொத்தம் 4.5தான் தாங்கும், நாலு டிஸ்க் கிளம்பும்போது கேட்பது 8. இப்படித்தான் கனெக்டர் உருகுகிறது. எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தே வரும் தனித்தனி கேபிள்களில் டிஸ்குகளைப் பிரித்து மாட்டுங்கள்.

புது டிஸ்க் சுழலவே இல்லை என்றால் அது கெட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சில பெரிய டிஸ்குகளில் சாட்டா பவரின் மூன்றாவது பின்னில் 3.3 வோல்ட் வந்தால் டிஸ்க் அணைந்தே இருக்கும்படி ஒரு வசதி உண்டு. அந்த பின்னை டேப்பால் மூடினாலோ 3.3 வோல்ட் கம்பி இல்லாத கேபிள் போட்டாலோ ஓடும்.

டிஸ்கும் கேபிளும்

டிஸ்க் தேர்வில் இரண்டு விஷயம். ஒன்று, எஸ்எம்ஆர் முறையில் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி) எழுதும் டிஸ்க் வேண்டாம், ரீபில்ட் (போன டிஸ்க்குக்குப் பதிலாக மாட்டியதில் டேட்டாவைத் திரும்ப நிரப்புவது) நேரத்தில் அது திணறிவிடும், சிஎம்ஆர் (தடங்கள் படியாத வழக்கமான முறை) என்று உறுதிப்படுத்திக்கொண்டு வாங்குங்கள். இரண்டு, நாஸுக்கோ (நெட்வொர்க்கில் இணைக்கும் டிஸ்க் பெட்டி) சர்வருக்கோ என்று விற்கும் டிஸ்க்காக இருக்கட்டும். சாதாரண டிஸ்க் ஒரு செக்டாரைப் படிக்க முடியாவிட்டால் விடாமல் முயன்றுகொண்டே இருக்கும், கார்டு அதுவரை காத்திருக்காது, டிஸ்க் செத்துவிட்டது என்று கழற்றிவிடும். நாஸ் டிஸ்குகள் 7 வினாடி போல முயன்றுவிட்டு, முடியவில்லை என்று கார்டிடம் சொல்லிவிடும், கார்டு பாரிட்டியிலிருந்து அந்த இடத்தைத் திருப்பி எழுதிக்கொள்ளும்.

கேபிளைப் பொறுத்தவரை பழைய 6 ஜி கார்டுகளில் எஸ்எஃப்எஃப் 8087, 12 ஜி கார்டுகளில் 8643, இன்னும் புதியவற்றில் 8654 என்று கனெக்டர் வரும். ஒரு முனையில் அது, மறுமுனையில் நாலு சாட்டா இருக்கும் ‘ஃபார்வர்டு பிரேக்அவுட்’ கேபிள்தான் உங்களுக்கு வேண்டியது. ‘ரிவர்ஸ் பிரேக்அவுட்’ பார்க்க அச்சு அசல் அதே மாதிரி இருக்கும், மாட்டினால் ஒரு டிஸ்க்கும் தெரியாது. சாட்டா டிஸ்க் என்றால் ஒரு மீட்டருக்கு மேல் நீளம் வேண்டாம்.

டிஸ்குகளைக் கேபினெட்டில் மாட்டும் முன் ஒவ்வொன்றின் சீரியல் நம்பரில் கடைசி நாலு எழுத்தைச் சிறிய ஸ்டிக்கரில் எழுதி, மாட்டிய பிறகும் கண்ணுக்குத் தெரியும் விளிம்பில் ஒட்டுங்கள். கேபிளில் பி1, பி2 என்று அச்சிட்டிருக்கும், எந்த டிஸ்க் எந்த கேபிளில் என்று அப்போதே ஒரு தாளில் குறித்துவிடுங்கள். ஒரு டிஸ்க் போன பதற்றத்தில் நல்ல டிஸ்க்கைத் தவறிக் கழற்றுவதால் முழு ரெய்டும் போன கதைகள் ஏராளம். கார்டு ‘ஸ்லாட் 3’ என்று சொல்வது மேலிருந்து மூன்றாவது டிஸ்க்காக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

பொருத்துவதும் முதல் ஸ்டார்ட்டும்

ஏற்கெனவே டேட்டா இருக்கிற டிஸ்க்கை ரெய்டில் சேர்த்தால் அதிலிருப்பது அழியும், எனவே பேக்கப் முதலில். ஆபரேட்டிங் சிஸ்டம் எம்.2வில், மதர்போர்டிலேயே இருக்கட்டும், ரெய்டில் சிக்கல் வந்தாலும் கம்ப்யூட்டர் ஆன் ஆகி உங்களால் டூல்களைத் திறக்க முடியும்.

பவர் கேபிளைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில வினாடி அழுத்தி, கேபினெட் உலோகத்தைத் தொட்டுவிட்டு கார்டைச் செருகுங்கள். கார்டு குட்டை பிராக்கெட்டோடு வந்திருந்தால் முதலில் நீள பிராக்கெட் மாற்றிக்கொள்ளுங்கள். முதல் முறை டிஸ்க் எதையும் மாட்டாமல் கார்டை மட்டும் வைத்து ஆன் செய்வது நல்லது: கார்டு தெரிகிறதா என்று பார்த்து, ஃபார்ம்வேரை அப்போதே புதுப்பித்துவிடலாம், டிஸ்க் இல்லாத நேரத்தில் அதைச் செய்வதில் பயமே இல்லை. பழைய கார்டுகளுக்கு பயாஸில் சிஎஸ்எம் (பழைய முறையில் ஸ்டார்ட் ஆக விடும் வசதி) ஆன் ஆக வேண்டியிருக்கும், ஸ்டார்ட் ஆகும்போது கன்ட்ரோல் ஆர் அல்லது கன்ட்ரோல் எச் அழுத்தினால் கார்டின் மெனு வரும். புதியவற்றின் மெனு யுஇஎஃப்ஐ செட்டப்புக்குள்ளேயே இருக்கும். லினக்ஸ் கெர்னலிலேயே மெகாரெய்டு டிரைவர் உண்டு, விண்டோஸிலும் பெரும்பாலான மாடல்களுக்குத் தானாக வந்துவிடும். ஸ்டார்ட் ஆக முன்பைவிட அதிக நேரம் எடுக்கும், அது சகஜம். ஸ்லீப், ஹைபர்நேட் இரண்டையும் அணைத்துவிடுங்கள், சர்வர் கார்டுகளுக்குத் தூங்கி எழுந்து பழக்கமில்லை.

ரெய்டு உருவாக்குவது

பெரிய டிஸ்குகளுக்கு நான் ரெய்டு 5ஐ யாருக்கும் சொல்வதில்லை. 12 டிபி டிஸ்க் ஒன்றை வினாடிக்கு 200 எம்பி வேகத்தில் முழுதாக எழுத 60,000 வினாடி, அதாவது ஏறக்குறைய 17 மணி நேரம், அதுவும் வேறு எந்த வேலையும் ஓடாமல் இருந்தால். நீங்கள் வேலை செய்துகொண்டே இருந்தால் ஓரிரு நாள் கூட ஆகலாம். அத்தனை நேரமும் மற்ற டிஸ்குகள் முழு வீச்சில் ஓடுகின்றன, இன்னொன்று போனால் ரெய்டு 5இல் எல்லாம் முடிந்தது. ரெய்டு 6 இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும். எட்டு 4 டிபி டிஸ்க்கில் ரெய்டு 6 என்றால் 24 டிபி கிடைக்கும், விண்டோஸ் 1024ஆல் வகுத்துக் கணக்கிடுவதால் 21.8 என்று காட்டும். டேட்டாபேஸ், விர்ச்சுவல் மெஷின் மாதிரி சின்னச் சின்னதாக எழுதும் வேலைக்கு ரெய்டு 10 (மிரர் ஜோடிகளைச் சேர்த்துக் கட்டுவது) நல்லது, இடம் பாதியாகும்.

மற்ற செட்டிங்குகள்: பெரிய ஃபைல்களுக்கு ஸ்ட்ரிப் அளவு (ஒரு டிஸ்க்கில் ஒரு தடவைக்கு எழுதும் துண்டு) 256 கேபி, ரீட் அஹெட் (அடுத்து வருவதை முன்கூட்டியே படிப்பது) ஆன், ரைட் பேக் ஆன் (கெபாசிட்டர் இருந்தால் மட்டும்), டிஸ்க்கின் சொந்த கேஷ் ஆஃப். கடைசியில் சொன்னதைப் பலர் கவனிப்பதில்லை, கார்டின் கேஷைத்தான் கெபாசிட்டர் காப்பாற்றும், டிஸ்க்குக்குள் இருக்கும் கேஷைக் காப்பாற்றாது. இனிஷியலைஸ் செய்யும்போது ‘ஃபாஸ்ட்’ வேண்டாம், ‘ஃபுல்’ கொடுங்கள். பல மணி நேரம் ஓடும், ஆனால் எல்லா டிஸ்க்கின் எல்லா இடத்திலும் எழுதப்படுவதால் பலவீனமான டிஸ்க் டேட்டா ஏறும் முன்பே மாட்டிக்கொள்ளும்.

பிறகு டிரைவின் பார்ட்டிஷன் முறையை ஜிபிடியாக அமைக்க வேண்டும், பழைய எம்பிஆர் முறை என்றால் 2 டிபிக்கு மேல் போக முடியாது. என்டிஎஃப்எஸ் ஃபார்மேட் செய்யும்போது கிளஸ்டர் அளவை 64 கேபி ஆக்குங்கள், 4 கேபியில் அதிகபட்சம் 16 டிபிதான் வரும். லினக்ஸில் எக்ஸ்எஃப்எஸ் என்றால் ஸ்ட்ரிப் அளவையும் டேட்டா டிஸ்குகளின் எண்ணிக்கையையும் ஃபார்மேட் நேரத்திலேயே கொடுங்கள், எட்டு டிஸ்க் ரெய்டு 6க்கு அந்த எண்ணிக்கை 6.

ஒத்திகை

இதைச் செய்யாமல் டேட்டாவை ஏற்றவே கூடாது என்பது என் பிடிவாதம். கொஞ்சம் ஃபைல்களைக் காப்பி செய்து அவற்றின் செக்சம் (ஃபைல் மாறியிருக்கிறதா என்று காட்டும் எண்) எடுத்து வையுங்கள். கம்ப்யூட்டரை அணைத்து, ஒரு டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி, மறுபடி ஆன் செய்யுங்கள். கார்டு கத்த ஆரம்பிக்கும், அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். மெனுவில் ‘சைலன்ஸ்’ என்பது இந்த முறை மட்டும் நிறுத்தும், ‘டிசேபிள்’ என்பது அடுத்த டிஸ்க் போனாலும் கத்தவிடாமல் செய்துவிடும், டிசேபிள் பக்கமே போகாதீர்கள். எந்த சீரியல் நம்பரைக் காணோம் என்று டூல் சொல்கிறதோ அது நீங்கள் கழற்றிய டிஸ்க்கின் ஸ்டிக்கரோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். டிரைவ் ‘டிகிரேடட்’ (டிஸ்க் குறைந்த நிலை) என்று காட்டினாலும் ஃபைல்கள் திறக்க வேண்டும்.

கழற்றிய அதே டிஸ்க்கைத் திருப்பி மாட்டினால் தானாகச் சேரும் என்று எதிர்பார்க்காதீர்கள், ‘ஃபாரின்’ என்று காட்டலாம். ரெய்டின் விவரம் ஒவ்வொரு டிஸ்க்கிலும் எழுதப்பட்டிருக்கிறது, அது கார்டிடம் இருக்கும் விவரத்தோடு பொருந்தவில்லை என்பதுதான் அதன் அர்த்தம். இங்கேதான் நிதானம் வேண்டும். ரெய்டு டிகிரேடட் ஆக ஓடிக்கொண்டிருக்கிறது, திரும்பி வந்த ஒரே ஒரு டிஸ்க் மட்டும் ஃபாரின் என்றால், அதன் ஃபாரின் விவரத்தை ‘கிளியர்’ செய்து, ஹாட் ஸ்பேராக (தயாராக நிற்கும் மாற்று டிஸ்க்காக) கொடுங்கள், ரீபில்ட் தொடங்கிவிடும். ஆனால் கார்டே செத்து, அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு கார்டு மாட்டியிருக்கிறீர்கள், எல்லா டிஸ்கும் ஃபாரின் என்று வருகிறது என்றால் ‘இம்போர்ட்’ கொடுக்க வேண்டும். அந்த இடத்தில் கிளியரையோ இனிஷியலைஸையோ அழுத்தினால் டேட்டாவுக்கு விடை கொடுத்த மாதிரி.

ரீபில்ட் முடிய எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்துவிட்டு, செக்சத்தை மறுபடி ஒப்பிட்டுப் பாருங்கள். சரியாக இருந்தால் ஈமெயில் அலர்ட் அமைத்து, ஒரு சோதனை மெயில் வருகிறதா என்றும் பாருங்கள். பேட்ரோல் ரீட் (டிஸ்குகளில் கெட்ட இடம் இருக்கிறதா என்று தேடுவது) வழக்கமாக வாரம் ஒருமுறை தானாக ஓடும், அதை அணைக்காதீர்கள், கன்சிஸ்டன்சி செக்கை (பாரிட்டி டேட்டாவோடு பொருந்துகிறதா என்று சரிபார்ப்பது) மாதம் ஒருமுறை போட்டுவிடுங்கள். அதே மாடல் டிஸ்க் ஒன்றைக் கூடுதலாக வாங்கி அலமாரியில் வையுங்கள். கார்டின் மாடல், ஃபார்ம்வேர் எண், ஸ்ட்ரிப் அளவு, டிஸ்க் வரிசை எல்லாம் எழுதிய தாள் அந்த ரெய்டுக்கு வெளியே ஓரிடத்தில் இருக்கட்டும்.

இனி டேட்டாவை ஏற்றலாம். தவறி டெலீட் செய்தாலோ ரான்சம்வேர் வந்தாலோ ரெய்டு உதவாது, அதனால் வெளியே இன்னொரு பேக்கப் ஓடத் தொடங்கும் வரை, பழைய டிஸ்குகளில் இருக்கும் பிரதியை அழிக்காமல் வைத்திருங்கள்.